டீச்சர் வீட்டு மாடி, பாளையங்கோட்டை: கேன்சர் ஃபைலோடு அலைகிறவர்களுக்கு ஒரு ரிவ்யூ

இந்த இடத்துக்குப் போர்டு கிடையாது, கூகுள் மேப்பில் வராது, ஸ்டார் கொடுக்கவும் வழியில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரிட்டையரான ஒரு பயாலஜி டீச்சர் தன் வீட்டு மாடி அறையைப் புற்றுநோய் வந்த குடும்பங்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறார். அவருக்கே மார்பில் புற்று வந்து, சிகிச்சை முடிந்து பல வருடம் ஆகிறது. கூட ஒரு ரிட்டையர்டு நர்ஸ் அக்கா, தாடையில் ஆபரேஷன் ஆன ஒரு அண்ணாச்சி, காலேஜில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். மொத்த ஸ்டாஃபே இவ்வளவுதான். பெயரும் தெருவும் போடாதீர்கள், கூட்டம் வந்தால் தாங்காது என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். கீமோ வார்டு வாசலில் யாரிடமாவது "டீச்சர் மாடி எங்கன இருக்கு?" என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்கள்.

நாங்கள் போனது மதினிக்காக. முக்கூடல், பீடி சுற்றுகிற வீடு. இடது மார்பில் கட்டி. பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே வீட்டில் ஆளுக்கொரு டாக்டர் முளைத்துவிட்டார்கள். அண்ணனின் மச்சான் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம்தான் என்கிறார், சித்தப்பா சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் தவிர எங்கும் கூட்டிப் போகக் கூடாது என்கிறார், பெரியம்மா கத்தி பட்டால் பரவிவிடும் என்று அழுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் குற்றாலத்திலிருந்து முள்சீத்தாப் பழம் வாங்கி வந்து வாசலில் நிற்கிறார், போனைத் திறந்தால் ஃபார்வர்டு மேல் ஃபார்வர்டு. இதில் எதை நம்புவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் அந்த மாடிப்படி ஏறினோம்.

எனக்கு முதலில் பிடித்தது, அவர்கள் எதையெல்லாம் செய்ய மாட்டார்கள் என்பதுதான். சுவரில் சார்ட் பேப்பரில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது: மருந்து சொல்ல மாட்டோம். டாக்டரை மாற்றச் சொல்ல மாட்டோம். எத்தனை வருஷம் இருப்பார் என்று எங்களிடம் கேட்காதீர்கள். இதைப் படித்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது, "அப்புறம் என்னத்துக்கு இங்க வந்தோம்" என்று முணுமுணுத்தான். டீச்சர் காதில் விழுந்துவிட்டது. "டாக்டர்ட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சிக்கிடத்தான் தம்பி. அவர் உங்களுக்குத் தரதே அஞ்சு நிமிஷம், அதுல பாதி நேரம் நீங்க ஃபைல்ல பேப்பர் தேடுதீங்க" என்றார். உண்மைதான். எங்கள் ஃபைல் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ஸ்கேன் ஃபிலிம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் கிடந்தது.

நர்ஸ் அக்கா அந்தப் பையை மேசை மேல் கவிழ்த்தார். பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் மேலே. அதன் கீழே ஐ.எச்.சி. ரிப்போர்ட் (பயாப்சி சதையில் சாயம் ஏற்றிப் புற்று எந்த வகை என்று பார்க்கிற டெஸ்ட்), அதற்கும் கீழே ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் தேதி வாரியாக. ரத்தப் பரிசோதனை மட்டும் தனி. அதில் வெள்ளை அணு, ஹீமோகுளோபின், பிளேட்லெட் மூன்றையும் பள்ளிக்கூட கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் மகள் பிளஸ் டூ, அவள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கீமோவுக்கும் அப்புறம் கோடு இறங்கி, பிறகு ஏறும். அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டால் ஏன் தள்ளிப்போட்டார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். கவுண்ட், அதாவது இந்த ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கம்மி என்று டாக்டர் திருப்பி அனுப்பும்போது, ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்ற புலம்பல் எங்கள் வீட்டில் இதனாலேயே எழவில்லை.

ஐ.எச்.சி. ரிப்போர்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மார்பகப் புற்று இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது உதவும். அதில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்று மூன்று வரி இருக்கும். மதினிக்கு முதல் இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 என்ற இடத்தில் 2+ என்று போட்டிருந்தது. பிளஸ் என்றால் பிளஸ்தானே என்று நாங்கள் இருந்தோம். டீச்சர் கரும்பலகையில் எழுதியே காட்டினார். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் ரெண்டுங்கெட்டான், ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்கிற மருந்து சிகிச்சையில் சேரும், இல்லையென்றால் அதைக் கொடுத்துப் பயனில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. கேள்வியா கேளுங்க" என்று அரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்: ஹெர்-2 இரண்டு பிளஸ் என்று இருக்கிறது, ஃபிஷ் டெஸ்ட் தேவைப்படுமா? டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, "அதத்தான்மா எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார். டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தது. பெரிய திருப்பம் எதுவும் நடந்துவிடவில்லை, ஆனால் அந்த அறையில் நடக்கிற பேச்சில் பாதியாவது இனி நமக்குப் புரியும் என்ற தெம்பு அன்றைக்கு வந்தது.

அந்த அரைத்தாள்தான் இந்த இடத்தின் சிறப்பே. நான்கைந்து கேள்விக்கு மேல் எழுத விட மாட்டார்கள். முக்கியமானது முதலில். இந்தச் சிகிச்சை நோயை முழுசாகக் குணமாக்கவா, கட்டுப்படுத்தவா? முதலில் கீமோவா, ஆபரேஷனா, ஏன் அந்த வரிசை? எந்த அறிகுறி வந்தால் உடனே வரணும், ராத்திரி என்றால் எங்கே வரணும்? இந்த மாதிரிக் கேள்விகள். சித்தப்பா "என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு வேற ஊசி போட்டாங்களே" என்று எழுதச் சொன்னதை டீச்சர் அப்படியே அடித்துவிட்டார்.

எங்கே வைத்தியம் பார்ப்பது என்ற சண்டைக்கும் அங்கேதான் ஒரு முடிவு வந்தது. அடையாறு இன்ஸ்டிட்யூட் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, டாக்டர் சாந்தா வளர்த்தது, அதன் பெயரை யாரும் குறைசொல்லப் போவதில்லை. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. 1981-லிருந்து இருக்கிறது, நம் பக்கத்து ஜனங்கள் இன்டர்சிட்டி ஏறிப் போய் வருவது ரொம்ப நாள் பழக்கம். நாகர்கோவில் தாண்டி நெய்யூரிலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. டீச்சர் இதில் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கை மட்டும் எங்கள் முன்னால் போட்டார். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு 5 நாள், அதுவும் வாரக்கணக்கில் போகும். அங்கே ரூம் எடுக்கணும், யார் கூட இருப்பது, யார் சமைப்பது, பிளஸ் டூ பிள்ளையை யார் பார்ப்பது? பரவலாக வருகிற புற்றுகளுக்கு எந்த வரிசையில் சிகிச்சை என்பது இன்று ரகசியம் இல்லை. 2012-ல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் என்கிற ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பு மும்பை டாட்டா மெமோரியலை மையமாக வைத்து இயங்குகிறது, அவர்கள் வழிகாட்டுதல்களைப் பொதுவிலேயே போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வருவது, அபூர்வமான வகை, எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படுவது, இதற்கெல்லாம் பெரிய இடம் போய்த்தான் ஆகணும். மற்றபடி சந்தேகம் இருந்தால் ஒரு தடவை பெரிய இடத்தில் இரண்டாவது கருத்து வாங்கிக்கொண்டு, வைத்தியத்தைப் பக்கத்திலேயே பார்க்கலாம், தப்பே இல்லை. பயாப்சி ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கிற பிளாக்கையும் ஆஸ்பத்திரியில் கேட்டால் கொடுப்பார்கள், வெறும் ரிப்போர்ட் ஜெராக்ஸைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள் என்றார். நாங்கள் ஹைகிரவுண்டிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தோம், சித்தப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது வேற கதை.

இனி வதந்தி இலாகா. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு நம் ஊரில் எந்தக் காலத்திலிருந்து ஓடுகிறதோ தெரியாது, ஆனால் அது எங்கிருந்து முளைக்கிறது என்று டீச்சர் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் பட்டது. நம் ஆட்கள் கட்டியை மஞ்சள் பற்றுப் போட்டு, எண்ணெய் தடவி, குலதெய்வத்துக்கு நேர்ந்து, கடைசியில் வருவதற்குள் ஏற்கனவே பரவியிருக்கும். அப்புறம் ஆபரேஷன் நடக்கும், நோய் தன் போக்கில் போகும், பழி கத்தி மேல் விழும். பெரியம்மாவை ஒரு நாள் கூட்டிப் போய் உட்கார வைத்தோம். பாடம் எதுவும் எடுக்கவில்லை, டீச்சர் தன் ஆபரேஷன் தழும்பைக் காட்டி, "எனக்குக் கத்தி வச்சி எத்தன வருஷம் ஆச்சு, பாருங்கம்மா" என்றார். பெரியம்மா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முள்சீத்தா இருக்கிறதே, அதுதான் தென் மாவட்டத்தின் பெரிய தலைவலி. குற்றாலம் சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் பக்கத்தில் இதுவும் குவிந்து கிடக்கும், பழமாகச் சாப்பிட்டால் ருசியான பழம், அதோடு சரி. ஆனால் இலைக் கஷாயம், பொடி, காப்சூல் என்று கேன்சருக்கு மருந்தாக விற்கிறார்கள், கீமோவை விடப் பல மடங்கு சக்தி என்று ஒரு ஃபார்வர்டு பல வருடமாகச் சுற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்த செல் மேல் ஊற்றிப் பார்த்ததை வைத்துக் கிளம்பிய கதை இது, மனிதர்களிடம் புற்றைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வருடக்கணக்கில் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நரம்புக் கோளாறு கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள், இதில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள்மேல்தான் சந்தேகம். கீமோ நடக்கிறபோது கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும், அதன் மேல் தெரியாத கஷாயத்தை ஊற்றாதீர்கள்.

"அலோபதிக்காரன் மூலிகையை மதிக்க மாட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது டீச்சரிடம் கற்ற பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். சுடுகாட்டு மல்லி என்று நாம் சொல்கிற நித்யகல்யாணி, நம் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் பயிரே செய்கிறார்கள், அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வருகின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஒரு துளி மருந்துக்கு மூட்டை மூட்டையாய் இலை வேண்டும், பிரித்து, சுத்தம் செய்து, உடம்பின் அளவுக்கு மில்லிகிராம் கணக்குப் பார்த்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அதே இலையை வீட்டில் கொதிக்க வைத்துக் குடித்தால் அது விஷம். மூலிகையில் மருந்து இருக்கலாம், எவ்வளவு போடணும் என்று தெரியாமல் குடிப்பதில்தான் ஆபத்து. அவர் பதில் சொல்லவில்லை, பழத்தை மட்டும் எங்களிடமே விட்டுப் போனார், நாங்கள் ஜூஸ் போட்டுக் குடித்தோம். மதினிக்குக் கொடுக்கவில்லை.

அந்த மாடியில் ஒரு பழைய சட்டத்தின் ஜெராக்ஸ் தொங்குகிறது. 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை சொல்கிறது, அதில் கேன்சர் என்ற சொல்லுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அடையாறு இன்ஸ்டிட்யூட் தொடங்கிய அதே வருடம்! இத்தனை வருடத்துக்கு அப்புறமும் லோக்கல் சேனலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் யார் வந்து உட்கார்ந்து என்னென்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இணையத்தில் எதைப் படிப்பது என்பதற்கும் டீச்சரிடம் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தின் கடைசிக்குப் போ. கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறதா? எழுதியவர், சரிபார்த்தவர் யார் என்று இருக்கிறதா? முடியும் இடத்தில் ஏதாவது விற்கிறார்களா? விற்றால் மூடிவிடு. அவர் அதிகமாகப் பிரிண்ட் எடுத்துத் தமிழில் சுருக்கிக் கொடுப்பது அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நோயாளிகளுக்கென்று எழுதும் பக்கங்களிலிருந்தும், டாட்டா மெமோரியல் வெளியீடுகளிலிருந்தும்தான். தமிழில் நல்ல தகவல் கம்மி, அதனால்தான் கண்ட வீடியோவும் ஓடுகிறது என்பது அவர் ஆதங்கம்.

இந்த இடத்தில் இன்னொரு சேவையையும் ஒப்பிட்டாக வேண்டும். இலவச கேன்சர் ஆலோசனை என்று போனில் ஒரு நம்பர் வந்தது, கூப்பிட்டேன். அன்பாகத்தான் பேசினார்கள். முதல் கேள்வி எந்த ஸ்டேஜ், இரண்டாவது கேள்வி இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனி. அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பேக்கேஜ் என்ன விலை என்று சொல்லி, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நம்பரை பிளாக் பண்ண வேண்டியதாயிற்று. பெயர் போட விரும்பவில்லை. அரசின் 104 நம்பரும் இருக்கிறது, அதில் யாரும் எதையும் விற்க மாட்டார்கள். மனசு சரியில்லாத நேரத்துக்கும் அதில் பேசலாம்.

பண விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. கார்டு இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இதற்கென்று இருக்கிற மையத்துக்குப் போக வேண்டும். பயாப்சி செய்யும்போதே கார்டைத் தயார் செய்யுங்கள், ஆபரேஷன் தேதி குறித்த பிறகு ஓடினால் மூச்சு வாங்கும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய அரசின் நல நிதியிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்தில் எத்தனை வீட்டில் அந்த அட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது! எங்கள் வீட்டிலும் கிடந்தது, நர்ஸ் அக்கா கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. மருந்து வெளியே வாங்க வேண்டி வந்தால் இரண்டு கடையில் விலை கேளுங்கள், ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டிவைத்த பிறகு நிறைய மருந்துகளின் விலை இறங்கியது, ஆனாலும் கேட்கிறவனுக்குத்தான் குறையும்.

ரயில் சலுகை பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் தேர்டு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். நெல்லை எக்ஸ்பிரஸில் அடையாறு போகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம். உட்கார்ந்து போகிற செகண்ட் கிளாஸ் என்றால் இரண்டு பேருக்குமே 75. ரயில்வேயின் படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்தும் சீலும் வாங்கி, கவுன்ட்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். படிவம் மாடியிலேயே கட்டாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது தெர்மாமீட்டர். கீமோ தொடங்கப் போகிறது என்றால் வீட்டுக்கு ஒன்று கடனாகக் கொடுப்பார்கள், சிகிச்சை முடிந்ததும் திருப்பித் தரணும். அதன் உறை மேல் சிவப்பு மார்க்கரில் 100.4 என்று எழுதியிருக்கும். அந்த அளவைத் தொட்டால் ஒரு மாத்திரையைப் போட்டுப் படுக்க வைத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி. வெள்ளை அணு குறைந்திருக்கிற நேரத்தில் வருகிற காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். மதினிக்கு இரண்டாவது கீமோவுக்கு அப்புறம் ஒரு ராத்திரி உடம்பு லேசாகச் சுட்டது, பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், "காலைல பாத்துக்கிடுவோம், ஊர்க்காரன் எல்லாம் முழிச்சிருவான்" என்றாள். அண்ணன் மகள் தெர்மாமீட்டரைக் காட்டினாள், 101. வண்டி பிடித்துப் போய், கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமாக "கீமோ நடந்துக்கிட்டு இருக்கு, காய்ச்சல்" என்று சொன்னோம், இப்படித்தான் சொல்லணும் என்று நர்ஸ் அக்கா பாடமே எடுத்திருந்தார். வெறும் காய்ச்சல் என்றால் நிற்க வேண்டிய வரிசை வேறு. ரத்தம் எடுத்து உடனே ஊசி தொடங்கினார்கள். கவுண்ட் ரொம்பக் கீழே போயிருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முன்கூட்டியே சொல்லிவைப்பதால் பாதிப் பயம் போய்விடுகிறது. அட்ரியாமைசின் என்கிற சிவப்பு மருந்து ஏறினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, அலறாதீர்கள். அதைப் போடும் முன் இதயத்துக்கு எக்கோ என்கிற ஸ்கேன் எடுப்பார்கள், இதய நோய் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கணும். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். இதைக் கேட்டதும் மதினி, "கொட்டப் போறது கொட்டட்டும், முருகனுக்காவது போவட்டும்" என்று திருச்செந்தூரில் மொட்டை போடப் போகிறேன் என்றாள். நர்ஸ் அக்கா தடுக்கவில்லை, கீமோ தொடங்கும் முன்னாலேயே போய் வந்துவிடுங்கள், கவுண்ட் குறைந்த பிறகு கத்தி கீறினால் கிருமி தொற்றும், கூட்டமும் ஆகாது என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தோம்.

சாப்பாட்டில்தான் சொந்தக்காரர்களோடு தினசரி யுத்தம். பார்க்க வருகிறவர்கள் கையில் அல்வா, வாயில் "சர்க்கரை சாப்பிட்டா கட்டி வளரும்". முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் குளிர்ச்சி என்று விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் கஞ்சி மட்டும்தான் மிஞ்சும். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும், சர்க்கரையை நிறுத்திப் புற்றைப் பட்டினி போட முடியாது. எடை குறைந்தால் சிகிச்சை தாங்காது, அதுதான் உண்மையான ஆபத்து. நன்றாக வேகவைத்த முட்டை, மீன், பயறு, வீட்டில் அன்றன்றைக்குச் சமைத்தது எதுவும் சாப்பிடலாம், சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு தனி.

மதினியிடம் என்ன நோய் என்று சொல்லவே கூடாது என்பது ஆரம்பத்தில் அண்ணனின் கண்டிஷன். மாடியில் இதில் அவர்கள் கறார். நோயாளி உள்ளே வந்துவிட்டால் அவரை விட்டுவிட்டு நம்மிடம் குசுகுசுக்க மாட்டார்கள். டீச்சர் மதினியிடமே கேட்டார், "உங்களுக்கு என்னன்னு சொல்லியிருக்காங்களா?" மதினி சிரித்தாள். "அந்த வார்டு வாசல்ல போட்டிருக்கத எனக்குப் படிக்கத் தெரியும் டீச்சர். இவரு அழுவாருன்னுதான் கேக்கல." அண்ணன் எழுந்து கீழே போய்விட்டான். அன்றைக்கு மதினி கேட்டது தன்னைப் பற்றி இல்லை, மகளுக்கும் வருமா என்றுதான். மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான் என்றும், குடும்பத்தில் வேறு யாருக்கு எந்த வயதில் வந்தது என்று டாக்டரிடம் சொல்லி, மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவரிடமே கேட்கலாம் என்றும் டீச்சர் சொன்னார். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, வெளியே தெரிந்தால் சம்பந்தம் வராது என்று மூடிமூடி வைக்கிற எத்தனையோ வீடுகளுக்கு இந்த ஒரு எண் தெரிந்தால் போதும்.

தாடை ஆபரேஷன் ஆன அண்ணாச்சியைப் பற்றியும் சொல்லணும். பேச்சு தெளிவாக வராது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். புகையிலை போட்டவர். வலி முற்றியவர்களின் வீட்டாரோடு அவர்தான் உட்காருவார். மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்று பயப்படுகிற பிள்ளைகளிடம், டாக்டர் சொல்லும் அளவில் வலிக்குக் கொடுப்பது போதை இல்லை என்று எழுதிக் காட்டுவார். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குறைகள். முதல் குறை படிக்கட்டு. கீமோ முடித்து வருகிறவர்களை மாடி ஏற வைப்பது கொடுமை, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். கீழே ஒரு அறை கிடைத்தால் நல்லது, டீச்சர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்தால் பார்க்கலாம் என்கிறார். இரண்டாவது, போன் எடுப்பதே இல்லை, நேரில்தான். மூன்றாவது, இது பெரும்பாலும் பெண்கள் கூடுகிற இடமாகிவிட்டது. பெண்டாட்டியைக் கூட்டி வருகிற ஆம்பிளைகள் எல்லாம் கீழே டீக்கடையில் நின்று பேப்பர் படிக்கிற மாதிரி நடிக்கிறார்கள், எங்கள் அண்ணன் உட்பட. கூட இருந்து பார்க்கிறவர்களுக்கென்று அங்கே ஒன்றும் இல்லை, அவர்களும் உடைந்துதான் போயிருக்கிறார்கள். நான்காவது, டீச்சரின் வாய். கூட்டத்தில் ஒரு பையன் சாமியார் கொடுத்த பொடியைக் காட்டினான், "இத உங்க அப்பாவுக்குக் கொடுக்குறதுக்குப் பதிலா உங்க வீட்டு ரோஜாச் செடிக்குப் போடு" என்றுவிட்டார். அவன் திரும்ப வரவில்லை. சரியான விஷயத்தையே கொஞ்சம் இதமாகச் சொல்லியிருந்தால் வந்திருப்பான். வயிறு, ரத்தப் புற்று பற்றிய தாள்களும் கம்மி, மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய்ப் புற்று மூன்றுக்கும்தான் நிறைய இருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். படிக்கட்டுக்கு அரை, வாய்க்கு அரை கழித்தாயிற்று.

போகிறவர்களுக்கு: சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் திறப்பார்கள், ஞாயிறு கிடையாது. பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. எல்லாப் பேப்பரையும் ஒரிஜினலாக எடுத்துப் போங்கள், போன் போட்டோ அவர்களுக்குப் பிடிக்காது. நோயாளிக்கு முடியவில்லை என்றால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், பதிலுக்கு அவர் கேட்க நினைக்கிற ஒரு கேள்வியையாவது அவர் கையாலேயே எழுதி வாங்கிப் போங்கள், அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணம் வாங்க மாட்டார்கள். ரொம்ப ஆசையாக இருந்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள், கடன் வாங்கிப் போனதில் பாதி திரும்பி வருவதே இல்லையாம்.